யாரு ஓடச் சொன்னது?

...இல்ல சார், நான் சண்டை போட வரல. கண்ணாடி மூக்குல நிக்க மாட்டேங்குது, அதைச் சரி பண்ணத்தான் வந்தேன். ஆனா வந்த எடத்துல வாயை மூடிக்கிட்டு உக்கார எனக்குத் தெரியாது. உங்க சின்னப் பொண்ணு பண்ணின காரியத்துல எனக்கு ராத்திரி தூக்கமே போச்சு. இந்தாங்க, புடிங்க கண்ணாடியை. அய்யோ, கழட்டிட்டா நீங்க ஒரு வெள்ளைச் சட்டையாத்தான் தெரியறீங்க. பரவால்ல, பேசறதுக்குக் கண்ணு எதுக்கு?

உள்ள இருக்காளா அவ? அந்தத் திரைக்குப் பின்னாடியா? வீட்டுப்பாடமா? சரி சரி, கூப்பிடாதீங்க. இருக்கட்டும். காது கேக்குமில்ல, கேட்டுக்கட்டும்.

இந்த ஃப்ரேம் உங்க கடையில வாங்கினது இல்ல, தெரியும். முறைக்காதீங்க. முறைக்கிறீங்களோ இல்லையோ, எனக்குத் தெரியல, ஒரு பேச்சுக்குச் சொல்றேன். என் நாத்தனார் புடிச்சு இழுத்துட்டுப் போயி, "அண்ணி, உங்க மூஞ்சிக்கு இதுதான் எடுப்பா இருக்கும்"னு வாங்கிக் குடுத்தா. எடுப்பாத்தான் இருந்துச்சு. அப்புறம் ப்ராக்டீஸ்ல ஒருத்தி மேற்கால எறிய வேண்டிய பந்தைக் கெழக்கால எறிஞ்சா. நான் கெழக்கால நின்னேன். அன்னிலேர்ந்து இது தொளதொளன்னு ஆயிடுச்சு.

நான் சரித்திர டீச்சர் சார்! எனக்கும் சாஃப்ட்பாலுக்கும் என்ன சம்பந்தம், சொல்லுங்க! ரெண்டு வருஷத்துக்கு முன்னாடி விளையாட்டு டீச்சர் பிரசவத்துக்குப் போனாங்க. போனவங்க அப்படியே வேலையை விட்டுட்டாங்க. ஹெட்மிஸ்ட்ரஸ் ஸ்டாஃப் ரூமுக்கு வந்து, "பொண்ணுங்க டீமை யாரு பாத்துக்கறீங்க?"ன்னு கேட்டாங்க. ஒருத்தி பேனாவைத் தேடறா, ஒருத்தி ஜன்னலைப் பாக்கறா, கணக்கு டீச்சரு மேசைக்கு அடியிலயே போயிட்டாங்க. நான் பாட்டுக்கு செவனேன்னு உக்காந்திருந்தேன். அப்பவும் ஒரு பழைய கண்ணாடி, அதுவும் எறங்கும். லேசா ஒரு விரலைத் தூக்கித் தள்ளி விட்டேன், அவ்வளவுதான் சார் நான் செஞ்ச பாவம்! "ஆகா, கையைத் தூக்கிட்டாங்க, கை தட்டுங்க"ன்னுட்டாங்க. எல்லாரும் தட்டினாங்க. கணக்கு டீச்சரு மேசைக்கு அடியிலேர்ந்து தட்டினாங்க.

சரி, தலையில விழுந்துடுச்சு, செய்வோம்னு எறங்கினேன். டீமுக்கு ஒம்பது பேரு வேணும். எட்டுப் பேரு வந்தா ஆட விட மாட்டாங்க. எங்கிட்ட இருக்கறது எண்ணி ஒம்பதே ஒம்பது. அதுல பாதி, ரெண்டு வருஷமா ஆடற பழம் தின்னு கொட்டை போட்டதுங்க. பந்து போடறவளை பீரங்கின்னு கூப்பிடுவோம். அவ போட்டா காத்துல சத்தம் வரும். பின்னாடி ஒக்காந்து புடிக்கறவளுக்குப் பேரு கதவு, ஒண்ணும் தாண்டாது. மீதிப் பாதி இந்த வருஷம் வந்ததுங்க. எதுக்கு வந்தே பாப்பான்னு கேட்டா, ஒருத்தி "தொப்பி நல்லா இருந்துச்சு மிஸ்"ங்கறா. இன்னொருத்தி பந்து வந்தா கண்ணை இறுக்கி மூடிக்குவா. மூணாவது ஒருத்தி, எதிராளியை அவுட் பண்ணிட்டு ஓடிப் போயி "சாரிக்கா"ன்னு சொல்லிட்டு வருவா. இதுங்களை வெச்சுக்கிட்டு நான் என்ன சாம்ராஜ்யமா புடிக்கறது?

நானும் மூளையைக் கசக்கி ஒரு ஏற்பாடு பண்ணினேன். பழையவ ஒருத்திக்குப் புதுசு ஒருத்தின்னு ஜோடி போட்டேன். தெரிஞ்சவ தெரியாதவளுக்குச் சொல்லிக் குடுப்பான்னு நெனச்சேன். நெனப்புதான் பொழப்பைக் கெடுத்துச்சு! ஒரு மாசம் கழிச்சுப் பாத்தா, கதவு கண்ணை மூடிக்கிட்டுப் புடிக்கறா. பீரங்கி அவுட் பண்ணிட்டு "சாரிக்கா"ங்கறா. தெரிஞ்சதுங்க எல்லாம் தெரியாததுங்க கிட்ட பாடம் படிச்சிருக்குங்க சார். நான் எங்க போயி முட்டிக்க!

மெதுவா பண்ணுங்க, அவசரமில்ல. அது என்ன, சூடு காட்டறீங்களா? காதுக்குப் பின்னாடி வளையற எடமா? நல்லா வளைங்க.

ஆனா உங்க பொண்ணு... அவளைப் பத்தி ஒரு குறையும் சொல்ல முடியாது. அதான் எனக்குத் தாங்கல. பந்தைப் புடிக்கத் தெரியாது, மட்டையைத் தூக்கினா மட்டைதான் அவளைத் தூக்கும். ஆனா சொன்ன பேச்சு கேப்பா பாருங்க! முட்டியை மடக்குன்னா மடக்குவா. நிமிருன்னு நான் சொல்ல மறந்துட்டா, மடக்கினபடியே வீட்டுக்குப் போவா. எல்லாருக்கும் முன்னாடி மைதானத்துக்கு வந்து, கையுறையை மாட்டிக்கிட்டு நிக்கும் அந்தப் புள்ள. சாயங்காலம் மத்ததுங்க கெளம்பின பொறவும் செவுத்துல பந்தை அடிச்சு அடிச்சுப் புடிச்சுக்கிட்டிருப்பா. வாச்மேன் வந்து "பாப்பா, செவுத்தையாவது விட்டு வை"ம்பாரு.

உங்களுக்கு ஆட்டம் தெரியாதில்ல, சொல்றேன். நாலு மூலை. பந்தை அடிச்சுட்டு ஒவ்வொரு மூலையா ஓடி, சுத்தி வந்து, கெளம்பின எடத்துக்கே வந்தா ஒரு ரன். இதுல ஒரு திருட்டு ஓட்டம் உண்டு. மூலையில நிக்கறவ, யாரும் பந்தை அடிக்காமலே, எதிராளி அசந்த நேரமாப் பாத்து அடுத்த மூலைக்குப் பாஞ்சுடலாம். அசந்தா லாபம், மாட்டினா அவுட். எப்ப ஓடணும்னு வெளியிலேர்ந்து நான் சொல்லணும். கத்திச் சொன்னா எதிராளிக்குக் கேட்டுடும். அதனால சைகை. தொப்பியைத் தொட்டா ஓங்கி அடி. முழங்கையைத் தேச்சா நின்ன எடத்துல நில்லு. கண்ணாடியைத் தொட்டா ஓடு. நானே யோசிச்சது சார். கண்ணாடி போட்டவங்க கண்ணாடியைத் தொடறது சகஜம்தானே, எவளுக்குச் சந்தேகம் வரும்? எவ்வளவு நுணுக்கம் பாருங்க!

போன வாரம் மேட்ச். ஜெயிச்சா அடுத்த சுத்து. தோத்தா இன்னொரு மேட்ச் ஆடணும், அதுலயும் தோத்தா மூட்டை கட்ட வேண்டியதுதான். மேட்ச் முடியப் போற நேரம், ஒரு ரன் பின்னாடி இருக்கோம். ரெண்டு பேரு அவுட்டாயாச்சு, இன்னும் ஒருத்தி போனா முடிஞ்சுது. உங்க பொண்ணு மட்டையை எடுத்துக்கிட்டுப் போறா. தொப்பியைத் தொட்டேன். அடிச்சா சார்! பொறந்ததுலேர்ந்து மொத அடி! ஒரு பொண்ணோட காலுக்கு நடுவுல போயிடுச்சு பந்து. மொத மூலையில போயி நிக்கறா, சிரிப்பு இந்தக் காதுலேர்ந்து அந்தக் காது வரைக்கும். எனக்குக் கண்ணே கலங்கிடுச்சு.

கலங்கினதுல மூக்கெல்லாம் வேர்வை, கண்ணாடி எறங்கிடுச்சு. தள்ளி விட்டுட்டுப் பாக்கறேன், ரெண்டாவது மூலையில நிக்கறா! அடி ஆத்தா, என்னா துணிச்சல்! நான் ஒண்ணுமே சொல்லல சார், தானாத் திருடிட்டா. திரும்பவும் இந்தச் சனியன் எறங்குது, சரி பண்ணிட்டு நிமிந்து பாக்கறேன், மூணாவது மூலை! எதிராளிப் புள்ளைங்க வாயைப் பொளந்துக்கிட்டு நிக்குதுங்க. புலிக்குட்டிடா இதுன்னு பக்கத்துல இருந்த வாச்மேன் தோளையே தட்டிட்டேன்.

இப்ப மட்டையோட நிக்கறது யாரு? பீரங்கி! அவ சும்மா தட்டினாலே போதும், உங்க பொண்ணு பொடிநடையா வந்து சேந்துடலாம். செய்ய வேண்டியது ஒண்ணே ஒண்ணு, சும்மா நிக்கணும். மொதப் பந்து அகலமாப் போகுது, பீரங்கி அடிக்காம விட்டுட்டா. பந்து, மட்டைக்குப் பின்னாடி ஒக்காந்து புடிக்கற எதிராளிப் பொண்ணு கையில பத்திரமா இருக்கு. எனக்கு நல்லாத் தெரியணுமேன்னு கண்ணாடியை மேல தள்ளிட்டு... ஓடிட்டா சார்! நேரா! பந்தைக் கையில வெச்சுக்கிட்டு ஒருத்தி காத்துக்கிட்டு நிக்கறா, இவ நேராப் போயி அவ மடியில விழறா! அவுட். மேட்ச் முடிஞ்சுது.

எனக்கு வந்துச்சு பாருங்க கோவம். இத்தனை பேரு முன்னாடி, மைதானமே கேக்கற மாதிரி கத்திட்டேன். "யாரு ஓடச் சொன்னது? உன்னை யாரு ஓடச் சொன்னது?"ன்னு. அந்தப் பொண்ணு வாயைத் தொறந்தா. என்னைப் பாத்தா. மூடிக்கிட்டா. அழக்கூட இல்ல. மறுநாள் பாத்தா என் மேசை மேல கையுறை இருக்கு, துடைச்சு, மடிச்சு, சுத்தமா. ப்ராக்டீஸுக்கு வரல. நேத்தும் வரல. நாளைக்கு அந்த இன்னொரு மேட்ச், என்கிட்ட எட்டுப் பேரு. ஆடத் தெரியாதவ மேடை கோணல்னாளாம், ஆனா இவ ஒரு சாக்குக்கூடச் சொல்லலியே!

பழையவளுங்களையும் கேட்டேன். "ரெண்டு வருஷமா ஆடறீங்களே, ஒருநாளாவது நான் சொல்லாம ஓடிருக்கீங்களாடி?"ன்னேன். பீரங்கி சொல்றா, "நாங்க உங்க கையைப் பாக்கவே மாட்டோம் மிஸ்"னு. கதவு வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறா. திமிரு! நான் மண்டையை ஒடைச்சுச் சைகை கண்டுபிடிச்சா, இதுங்க பாக்கவே மாட்டாங்களாம். பாக்கறவ உங்க பொண்ணு ஒருத்திதான்...

என்ன சார், சிரிக்கறீங்களா? வெள்ளைச் சட்டை குலுங்குதே. என்ன காட்டறீங்க? கிட்ட வந்து காட்டுங்க, எனக்குத் தெரியல. மூக்கா? என் மூக்குல என்ன? ஒண்ணும்... இது என்ன, என் விரலா?

கண்ணாடி உங்க கையில இருக்கு. அப்ப நான் இவ்வளவு நேரமா எதைத் தள்ளி விட்டுக்கிட்டிருக்கேன்?

அய்யோ.

வந்ததுலேர்ந்தா? பேச்சுக்குப் பேச்சு தள்றேனா? அய்யய்யோ... அப்ப அந்த ரெண்டாவது மூலை? மூணாவது மூலை? ஒவ்வொரு தடவையும் நான்தானா? அதான் அந்தப் பீரங்கிக் கழுதை... என்னைப் பழகினதுங்க, "மிஸ் சும்மா மூக்கைச் சொறியுது"ன்னு விட்டுடுச்சுங்க. பழகாத புள்ள, சொன்னதை நம்பி ஓடியிருக்கு. எதிர்ல பந்தோட ஒருத்தி நிக்கறது அவளுக்கும் தெரிஞ்சிருக்குமே சார், கண்ணு நல்லாத்தானே இருக்கு? தெரிஞ்சும் மிஸ் சொல்லிட்டாங்களேன்னு ஓடியிருக்கா. எய்தவ நான் குத்துக்கல்லாட்டம் ஒக்காந்திருக்க, அம்பைப் போயி திட்டினேனே! நீங்கதானே மிஸ் சொன்னீங்கன்னு ஒரு வார்த்தை கேக்கலியே அவ. கேட்டிருந்தா நாலு பேரு முன்னாடி எனக்கு அசிங்கம்னு... சார், தண்ணி இருக்கா?

குடுங்க கண்ணாடியை. ஆங்... நல்லா கவ்வுதே. குனிஞ்சாலும் எறங்கல. பாருங்க, கையை மடியிலயே வெச்சிருக்கேன்.

பாப்பா... எப்பத் திரையைத் தள்ளிட்டு வந்து நின்னே? எல்லாம் கேட்டியா? மிஸ்சு தப்பு பண்ணிட்டேன்மா. நீ சரியாத்தான் ஓடினே. உன்னை மாதிரி சரியா ஓடினவ எங்க டீம்லயே கெடையாது. நாளைக்கு எல்லாரையும் நிக்க வெச்சு, மைதானமே கேக்கற மாதிரி சொல்றேன், கத்தின மாதிரியே. இந்தா, உன் கையுறை, பையிலயே கொண்டாந்தேன். எடுத்துக்கோம்மா.

ஏன் அப்படியே நிக்கறே? அங்க எட்டுப் பேரும் ப்ராக்டீஸுக்கு வந்து காத்துக்கிட்டிருப்பாங்க. கோவமா? கோவந்தான் இருக்கும். என்ன சார் பண்றது, கையுறையை வாங்கிட்டா, ஆனா நகர மாட்டேங்கறாளே. என் மூஞ்சியவே பாக்கறா.

ஓகோ.

மூஞ்சியைப் பாக்கல சார். கையைப் பாக்கறா.

இரு பாப்பா. இந்தா, நல்லாப் பாத்துக்கோ. இப்ப வழுக்கல, கிழுக்கல, உங்கப்பா நல்லா இறுக்கிட்டாரு. வேணும்னேதான் தொடறேன். இதோ...

அடேயப்பா! செருப்பைக்கூடப் போடல! ஏய், ரோட்டைப் பாத்து ஓடுடீ! சார், அந்த ஃப்ரேம் ஸ்டாண்டு... விழட்டும் விடுங்க, நான் பொறுக்கித் தரேன். நீங்க எட்டிப் பாத்துச் சொல்லுங்க, திரும்பிட்டாளா? மைதானத்துப் பக்கமா? எவனாவது மறிச்சு யாரு ஓடச் சொன்னதுன்னு கேட்டா, பயப்படாம என்னைக் கை காட்டச் சொல்லுங்க சார். நான்தான் சொன்னேன். சத்தியமா இந்தத் தடவை நானேதான்.