கடைசி வரியில் ஒரு நன்றி

புஷ்பலதா: அந்தப் பெட்டியக் குடுங்க சார். கார் வரைக்கும் நான் எடுத்துட்டு வரேன்.

சூர்யநாராயணன்: ஒரு காபி கப்பு, ஒரு ஸ்வெட்டர். இதத் தூக்க ரெண்டு பேரா? நீ உள்ள போய் வேலையப் பாரு.

புஷ்பலதா: போமாட்டேன். சர்வர் பாஸ்வேர்ட மாத்திக் குடுத்தது நானு. வேலை போனது உங்களுக்கா? இன்னா சார் நியாயம் இது?

சூர்யநாராயணன்: மெதுவா... வாட்ச்மேன் பாக்கறார்.

புஷ்பலதா: பாக்கட்டும். ஊர் கம்ப்யூட்டருக்கெல்லாம் காவல் காக்கற கம்பெனி நாம. நம்மளையே அந்த முகமூடி ஹேக்கர் கோஷ்டி ஒடச்சு, மொத்த மெயிலையும் நெட்டுல கொட்டிட்டாங்க. கதவத் தொறந்து விட்டவ நானு. நீங்க போயி முதலாளிகிட்ட "எல்லாம் என் தப்பு"ன்னு...

சூர்யநாராயணன்: அவங்கள வம்புக்கு இழுத்தது யாரு? "அவங்க யாருன்னு பேரோட சொல்றேன்"னு டிவில பேட்டி குடுத்தவன் நான்தானே?

புஷ்பலதா: பேசினா உள்ள வந்துடுவாங்களா? சாவிய நான்ல குடுத்தேன்!

சூர்யநாராயணன்: சரி, ஒண்ணு கேக்கறேன்... "சர்வர் பாஸ்வேர்ட மாத்திக் குடு"ன்னு என் பேர்லயே மெயில் வந்தாலும், எனக்குப் போன் பண்ணிக் கேட்டுட்டுத்தான் மாத்தணும்னு ரூல் இருக்கே. ஏன் பண்ணல?

புஷ்பலதா: பண்ணா கத்துவீங்க.

சூர்யநாராயணன்: ...ம். கத்துவேன்.

புஷ்பலதா: அதுவும் இல்லாம, கடைசி வரில "ரொம்ப நன்றி புஷ்பா"ன்னு இருந்துச்சு.

சூர்யநாராயணன்: நான் என்னிக்கு அப்படி எழுதியிருக்கேன்? அங்கயே சந்தேகம் வர வேணாமா?

புஷ்பலதா: எங்க சார் வந்துச்சு... சந்தோஷந்தான் வந்துச்சு. உடனே அம்மாவுக்குப் போன் போட்டேன். "எங்க சார் தேங்க்ஸ் சொல்லிட்டாரும்மா"ன்னு. மீன் கூடையோட பஸ்ல நின்னுகினு இருந்தாங்க. அவ்ளோ சிரிப்பு அவங்களுக்கு.

சூர்யநாராயணன்: அழாதம்மா...

புஷ்பலதா: எங்க வூட்டுல மாசச் சம்பளம் நான் ஒருத்திதான் சார். அதக் காப்பாத்திட்டீங்க. நீங்க நல்லா இருக்கணும்.

சூர்யநாராயணன்: வேணாம், கையெடுத்துக் கும்பிடாத. நான் ஒண்ணும் தியாகம் பண்ணல. என் மெயில் அவங்க கைக்கு எப்படிப் போச்சு? மாடம்பாக்கத்துல எங்க காலனிக்கு ஒரு வெப்சைட் இருக்கு, தண்ணி லாரி புக் பண்ண. அதுக்கும் ஆபீஸ் மெயிலுக்கும் ஒரே பாஸ்வேர்டு வெச்சிருந்தேன். காலனி சைட்ட ஒடச்சாங்க... அதே பாஸ்வேர்டப் போட்டு இங்க நுழைஞ்சுட்டாங்க. "ஒரே பாஸ்வேர்டு வெக்காதீங்க"ன்னு ஊருக்கெல்லாம் கிளாஸ் எடுக்கறவன் நான்! உங்கிட்ட முன்னாடியே சொல்லியிருக்கணும்... வெக்கமா இருந்துது.

புஷ்பலதா: தெரியும் சார்.

சூர்யநாராயணன்: என்ன தெரியும்?

புஷ்பலதா: அவங்க கொட்டினதுல உங்க காலனி பாஸ்வேர்டும் இருந்துச்சு. மொத நாளே பாத்துட்டேன். விசாரிக்க வந்தவங்ககிட்ட அதப் பத்தி நான் வாயே தொறக்கல. என் தலையில போட்டுக்கலாம்னுதான் இன்னிக்குக் காலையில முதலாளி ரூம் வாசல்ல நின்னேன். நீங்க முந்திக்கிட்டீங்க.

சூர்யநாராயணன்: பைத்தியமா நீ? எனக்காக எதுக்கு...

புஷ்பலதா: படிச்சு முடிச்சு ஏறி எறங்கின ஆபீஸெல்லாம் "சொல்லி அனுப்பறோம்"னாங்க. நீங்க ஒருத்தர்தான் சார் "நாளைக்கே வேலைக்கு வா"ன்னீங்க. அதையும் கத்திதான் சொன்னீங்க...

சூர்யநாராயணன்: ...ரொம்ப நன்றி, புஷ்பா.

புஷ்பலதா: இருங்க சார்... இந்தத் தடவ போன் போட்டுக் கேட்டுக்கறேன்.