நாலு பக்கம் பேசிச் செத்தவள்

ரோசலின்: புஸ்தகம் நல்லாதான் இருக்கு. எடுத்துட்டுப் போ.

லீனா: நல்லாதான் இருக்கா... அவ்வளவுதானா ரோசலின் அக்கா?

ரோசலின்: வேற என்ன சொல்லணும்? கையத் தூக்கு. கக்கத்துல பிடிக்குதா பாரு.

லீனா: பிடிக்கல. போன மாசம் அந்த ஜமீன் நாவலை அரை நாள் திட்டினீங்க. மூணு கொலை நடக்குது, ஒருத்தனுக்கும் பசி எடுக்கலன்னு. டாக்டர் எழுதின காலரா புஸ்தகத்தைப் பத்திக்கூட பொழுது சாயிற வரைக்கும் பேசினீங்க. இந்த ரப்பர் தோட்டத்துக் கணக்கு எழுதுற கிராணியோட சுயசரிதத்துக்கு மட்டும் ஒரே வார்த்தையா?

ரோசலின்: டாக்டர் புஸ்தகம் நல்ல புஸ்தகம்லா. அந்த ஆளு தெரிஞ்சத மட்டும் எழுதியிருக்காரு... அசையாத. ஊசி குத்திரும்.

லீனா: நான் அசையல. நீங்கதான் குத்தின எடத்துலயே மறுபடி குத்துறீங்க.

ரோசலின்: காலையில ஒண்ணும் சாப்பிடல.

லீனா: இல்ல... சாவு வர்ற பாகம் படிச்சு, உங்க வீட்டுக்காரர் தொங்கான் படகுலேர்ந்து கடல்ல விழுந்து போனது ஞாபகம் வந்துருச்சா?

ரோசலின்: அதை விடு. இந்தக் கல்யாணச் சட்டை உன் சித்தப்பா மக ஐரீனுக்குத்தானே? உன் அளவு அவளுக்குச் சரியா வருமா?

லீனா: வரும்... ரெண்டு பேரும் ஒரே உடம்பு. ஞாயித்துக்கெழமை கோயில்ல மூணாவது தடவையா கல்யாண ஓலை வாசிக்கிறாங்க. இந்தக் கல்யாணத்துக்குத் தடை தெரிஞ்சவங்க சொல்லுங்கன்னு சாமியார் ரெண்டு வாரம் கேட்டுட்டார். யாரும் வாயத் திறக்கல. மூணாவது ஓலையும் வாசிச்சுட்டா முடிஞ்சுபோச்சு.

ரோசலின்: அக்கரைக் கோயில்லதானே?

லீனா: ஆமா. எங்க கோயில்லதான்.

ரோசலின்: மாப்பிள்ளை யாருன்னு நீ சொல்லவே இல்லையே.

லீனா: அதான் அக்கா... அந்தப் புஸ்தகம்.

ரோசலின்: எது?

லீனா: அதை எழுதினவர்தான். பாக்கியநாதன். ரப்பர் விலை விழுந்து வேலை போனப்ப உக்காந்து எழுதினாராம்.

ரோசலின்: அவரா மாப்பிள்ளை?

லீனா: ஆமா அக்கா. கத்திரிக்கோல் விழுந்துருச்சு.

ரோசலின்: கெடக்கட்டும்.

லீனா: பொஞ்சாதி சாகுற பாகம் படிச்சீங்கல்ல? கப்பல்ல வந்தவங்களை நோய் பரவாம இருக்க ஜெரஜாக் தீவுல அடைச்சு வச்சப்ப, காலராவுல... அதைப் படிச்சு அழுதுட்டுத்தான் சம்மதம் சொன்னேன்... சொன்னா. ஐரீன். இப்படிப் பாசம் வச்ச மனுசன் கெடைப்பாரான்னு.

ரோசலின்: அந்தப் பாகம்தான் புஸ்தகத்துலயே மோசம்.

லீனா: இப்பத்தான் நல்லாதான் இருக்குன்னீங்க...

ரோசலின்: அது சும்மா சொன்னது. மத்த பாகத்துல அட்டை கடிக்குது, ரப்பர் பால் வாளி கவுருது, தொரை கத்துறாரு. அதெல்லாம் பட்டவன் எழுதினது. இந்த எடம் வந்ததும் நிலா காயுது. ஓலைக் கொட்டகைக்குள்ள எங்கேர்ந்து நிலா? அவ நாலு பக்கம் பேசுறா. நீங்க மறுபடி கல்யாணம் பண்ணிக்கணும்னு சத்தியம் வாங்குறா. ஜமீன் நாவல்ல ராணியும் இப்படியேதான் செத்தா.

லீனா: சாகப்போறவங்க பேசக்கூடாதா?

ரோசலின்: காலரால கொரல் கம்மிப்போயிரும். டாக்டர் புஸ்தகத்தை நீதானே கொண்டாந்து குடுத்த? காலு இழுக்கும், கண்ணு குழிவிழும், தண்ணி கேக்கக்கூட சத்தம் வராது. இவ ஜெபமாலை சொல்லி, பாட்டு வேற பாடுறா. நாலு பக்கம் பேச வச்சாரே... அவ பேரை ஒரு எடத்துலயாவது எழுதினாரா?

லீனா: இல்ல. தர்மபத்தினின்னே போட்டிருக்காரு... எனக்கும் அதான் பயம் அக்கா. கல்லறைத் திருநாளுக்கு அந்தம்மாவுக்கு ஒரு மெழுகுவத்தி வைக்கணும்னு கேட்டதுக்கு, எடம் ஞாபகம் இல்லன்னுட்டாரு. கல்லறைத் தலமாட்டுல கம்போஜாப் பூமரம் நட்டேன்னு எழுதியிருக்காரு. மரம் நட்டவருக்கு எடம் தெரியாதா?

ரோசலின்: வீட்டுல கேக்கலையா?

லீனா: அச்சுல வந்ததை நம்பாம வேற எதை நம்புறதுன்னு அப்பா சொல்லிட்டாரு.

ரோசலின்: அப்பாவா? ஐரீனோட அப்பா உனக்கு சித்தப்பால்ல.

லீனா: வாய் தவறிருச்சு அக்கா.

ரோசலின்: ஐரீன்னு யாரும் இல்ல. அப்படித்தானே?

லீனா: கோவிச்சுக்காதீங்க அக்கா. எனக்குத்தான் கல்யாணம்னு சொன்னா, மனசு நோகும்னு நல்லதாவே சொல்லிருவீங்க. உங்க வாயால மெய்யான அபிப்பிராயம் வேணும்... அந்தம்மா செத்துட்டாங்களா, இல்லையா?

ரோசலின்: நான் துணி தைக்கிறவ. ஏதோ நாலு புஸ்தகம் படிக்கிறேன். என்னைப் போய்...

லீனா: எழுதினவன் பொய் சொன்னா எழுத்துல தெரிஞ்சுரும்னு நீங்கதானே சொல்லுவீங்க. சொல்லுங்க அக்கா.

ரோசலின்: சாகல.

லீனா: இத இப்படியே சாமியார்ட்ட சொன்னா சிரிப்பாரு. கதை சரியில்லன்னு ஓலையை நிறுத்த முடியுமா? உயிரோட ஒரு ஆள் வந்து நிக்கணும். அப்படி இருக்கிறவங்க இத்தனை வருசம் ஏன் வாயத் திறக்கல?

ரோசலின்: குடிச்சுட்டு அடிச்சிருப்பாரு. ஒரு நாள் ரயிலேறி ஓடிவந்திருப்பா. புருசனை விட்டு வந்தவன்னா எவன் வீடு குடுப்பான்? மடத்துல கன்னியருங்க தைக்கத் துணி குடுப்பாங்களா? கைம்பொண்ணுன்னு சொல்லித்தான் பொழைச்சிருப்பா. இப்ப வாயத் திறந்தா எல்லாம் போயிரும். அவளுக்கு மட்டும் பயம் இருக்காதா லீனா?

லீனா: ரயிலு, மடம்... இதெல்லாம் புஸ்தகத்துல இல்லையே அக்கா.

ரோசலின்: இல்ல.

லீனா: அப்ப... உங்களுக்கு எப்படி...

ரோசலின்: சட்டையக் கழட்டு லீனா, உனக்கு அது வேண்டாம். அவரு புஸ்தகத்துல என்னைக் காலராவுல சாகடிச்சாரு, நான் இந்த ஜெலுத்தோங் ஊரு பூராவும் சொல்லி அவரைக் கடல்ல சாகடிச்சேன்... ஞாயித்துக்கெழமை மொத பெர்ரிப் படகுக்கே வந்துர்றேன். ஓலை வாசிக்கிறப்ப, செத்துப்போன அவரும் நானும் உயிரோட எந்திரிச்சு நிக்கிறோம்.