முத்து இல்லை

அரிப்பு என்ற ஊரின் கடலில் முத்துக்குளிப்பு நடந்தது. கரை முகாமில் வாந்திபேதி பரவியிருந்தது. தண்ணீர் வரிசையில் எனக்கு முன்னால் பேசாலைக்காரன் ஒருவன் முசலிப் பக்கத்து முஸ்லிம் ஒருவரிடம் சொல்லிக்கொண்டிருந்தான்.

“எங்கட வள்ளத்தில முத்துக்குளிக்கிற சவரிக்கு நேற்று முழுக்க வயித்தால போச்சுது, நானா.”

“டொக்டர் துரை வரேல்லையோ?”

“ரெண்டு காவற்காரர்தான் வந்தவங்கள். முத்தை விழுங்கிப்போட்டானோ எண்டு சந்தேகம். அவனுக்கு வயித்தால போனதையெல்லாம் கையாலயே அலசிப் பாத்தவங்கள்.”

“பிறகு?”

“முத்து இல்லை எண்டு கடதாசி எழுதி விட்டிட்டாங்கள். காலமை அவன்ர பிரேதத்தைத் தாட்டாச்சு.”

“அல்லாவே! அந்தக் காவற்காரர்?”

“அவங்களுக்கும் இப்ப வயித்தால போகுது.”

“அப்ப டொக்டர் வந்திருப்பாரே?”

“இல்லை நானா. சவரியின்ர முத்தை எடுத்து அவங்கள் விழுங்கிப்போட்டாங்களோ எண்டு, வேற ரெண்டு காவற்காரர் அலசிப் பாக்கினம்.”