அஞ்சு மணித் தேத்தண்ணி

— அதெல்லாம் இருக்கட்டும் சிவசக்தி, டாக்டர் மாத்திரையக் கூட்டுனாரா இல்லியா? பஸ்ஸு பசறையையும் தாண்டிருச்சு, நீ இன்னும் ஜன்னலையே பாத்துக்கிட்டு வாற.

— கூட்டல. அதே மாத்திரைதானாம்.

— அதெப்படி? கழுத்துல ஆப்பரேசன் பண்ணி எட்டு மாசமாச்சு. தைராய்ட எடுத்தாச்சு, இனி தெனம் ஒரு மாத்திரை, அம்புட்டுத்தான்னாங்க. நீ என்னடான்னா இந்த வெயில்ல காலுக்கு ரெண்டு சொக்ஸ் போட்டுக்கிட்டு நடுங்குற. சீப்புல வாற முடியப் பாத்தா எனக்கே பயமா இருக்கு.

— உங்களுக்கு என்னங்க பயம். உங்க தலையில கொட்டுறதுக்கு என்ன மிச்சம் இருக்கு.

— பேச்ச மாத்தாத புள்ள. ரத்தம் சோதிச்ச ரிப்போட்டுத் துண்டப் பாத்துட்டு என்ன சொன்னாரு?

— மாத்திரை ஒடம்புல சரியா சேரலயாம்.

— அப்ப மருந்துல பிழையா?

— மருந்து நல்ல மருந்துதான். இங்கேருங்க, நான் ஒண்ணு சொல்லுவேன். சத்தம் போடக் கூடாது.

— இந்த பஸ்ஸு போடுற சத்தத்துல என் சத்தம் யாருக்குக் கேக்கப் போவுது. சொல்லு.

— காலையில அஞ்சு மணிக்கு எனக்கு தேத்தண்ணி தாறீங்கள்ல.

— ஆமா.

— அதுதான்.

— அதுதான்னா?

— மாத்திரைய வெறும் வயித்துல, பச்சத் தண்ணியிலதான் முழுங்கணும். முழுங்கிட்டு ஒரு மணித்தியாலத்துக்கு வாயில ஒண்ணும் வைக்கக் கூடாது. நான் எட்டு மாசமா உங்க பால் தேத்தண்ணியிலதான் முழுங்குறேன். மாத்திரை பாதி சும்மா போயிருதாம்.

— அது வந்து புள்ள... அப்ப நாந்தானா? வெள்ளிக்கு வெள்ளி கோயில்ல ஒனக்காகத் தேங்கா ஒடைக்கிறேன். விடிஞ்சா நானே என் கையால...

— நீங்க இல்ல, நான். ஆஸ்பத்திரியில இருந்து வீட்டுக்கு விட்ட அன்னைக்கே நர்ஸ் மிஸ்ஸி தெளிவா சொல்லித்தான் விட்டாங்க.

— தெரிஞ்சுமா குடிச்ச? ஏன் எங்கிட்ட சொல்லல?

— எப்படிச் சொல்லச் சொல்றீங்க. கல்யாணமாகி இருபத்திரெண்டு வருசம், நீங்க அடுப்புப் பக்கம் திரும்புனதில்ல. நான் ஆஸ்பத்திரியில இருந்து வந்த மறுநா காலையில கோப்பையத் தூக்கிக்கிட்டு வந்து நின்னீங்க. வெரலு ரெண்டும் வெந்து செவந்து கெடக்கு. சட்டை பூரா தேயிலத் தூளு. அந்த மொகத்தப் பாத்துட்டு, இது இப்ப வேணாங்கன்னு சொல்ல எனக்கு வாய் வரல.

— ஓரமா வச்சிட்டுப் பொறகு குடிச்சிருக்கலாமே.

— நல்லா வைக்க விட்டீங்க. கோப்பை காலியாகுற வரைக்கும் காவக்காரன் மாதிரி பக்கத்துலயே குந்திக்கிட்டு இருப்பீங்க.

— நல்லா ஏசுனாரா டாக்டரு?

— சிரிச்சாரு. இப்பிடி ஒரு காரணத்த இன்னைக்குத்தான் கேக்குறேன் அம்மான்னாரு. பொறகு மொகத்த இறுக்கிக்கிட்டுச் சொன்னாரு, இப்பிடியே விட்டா நெஞ்சுக்கும் கூடாதாம். ஒண்ணர மாசம், ஆறு கெழம ஒழுங்கா போட்டுட்டு மறுபடி ரத்தம் சோதிக்க வரச் சொல்லியிருக்காரு.

— ஆறு கெழம.

— நான் நல்லாகணுங்க. தேயில மலையில நாலு நெர ஏறுறதுக்குள்ள கண்ணு சொருகுது. நான் அந்தப் பக்கம் திரும்புற நேரம் பாத்து பக்கத்து நெரயில பறிக்கிற கருப்பம்மா ரெண்டு கை கொழுந்த என் கூடையில போட்டுட்டுப் போவுது. எனக்குத் தெரியாதுன்னு நெனப்பு. அதுக்கும் ரெண்டு புள்ளைக இருக்கு, எத்தன நாளைக்கு அது கைய நம்பி நான் வேல செய்யிறது.

— அது மனசுக்கு சாமி கொறை வைக்க மாட்டாரு. சரி. அப்ப நாளையில இருந்து அஞ்சு மணிக்குத் தேத்தண்ணி இல்ல.

— இல்ல. நீங்க நல்லா தூங்குங்க.

— சரி.

— என்னங்க, தூங்கச் சொன்னா சந்தோசப்படணும். எழவு வீட்டுக்குப் போற மாதிரி இருக்கீங்க.

— ஒண்ணுமில்ல.

— இப்ப சொல்லலன்னா, அழகையான்னு உங்க பேரச் சொல்லிக் கூப்புட்டுருவேன். பஸ்ஸே திரும்பிப் பாக்கும்.

— கூப்புடேன். அதத்தானே நானும் கேக்குறேன். யாரையாவது கூப்புடு. காலையில பெரட்டுல வேலைக்குப் பேரு வாசிச்சா கையத்தான் தூக்குறியாம். கோயில்ல எல்லாரும் பாடுறாங்க, நீ ஒதட்ட மட்டும் அசைக்குற. நீ பேசுறதே இல்ல, தன் மேல என்ன கோவம்னு கருப்பம்மா வந்து எங்கிட்ட கேக்குது.

— ஆப்பரேசனுக்குப் பொறகு இந்தக் கொரலு போன போக்கக் கேட்டீங்கள்ல. தகரத்தக் கல்லுல இழுத்த மாதிரி. வாயத் தொறந்தா எல்லாருக்கும் மொகம் ஒரு மாதிரியாப் போவுது. பேசப் பேசத்தான் தெளியும்னு டாக்டர் சொல்லிட்டாரு, அவருக்கென்ன.

— வீட்டுலயும் பேச மாட்ட. லயத்து வீட்டுக்கெல்லாம் ஒரே செவுரு, பக்கத்து வீட்டுல கேக்கும்ப. இன்னைக்கு பஸ்ஸு சத்தத்துல ஒளிஞ்சிக்கிட்டு இவ்வளவு பேசுற. மத்தபடி ஒரு நாளைக்கு நீ வாயத் தொறக்குறது அந்த அஞ்சு மணிக்குத்தான், லயமே தூங்குற நேரம்.

— அப்பவும் ஏசத்தானே செய்யிறேன்.

— ஏசுவ. சீனி கூடிப்போச்சும்ப. தேயில பெக்டரியில வேல செய்யிற மனுசன் ஊத்துற தேத்தண்ணியா இதும்ப. கோப்பை முடியிற வரைக்கும் ஏசுவ. அதக் கேட்டுட்டு வேலைக்குப் போனா எனக்கு அன்னைக்கு நல்ல நாளு. தேத்தண்ணி நின்னா அதுவும் நின்னுருமேன்னு பாத்தேன், வேற ஒண்ணுமில்ல.

— அதுக்காகவா எட்டு மாசமா நல்லா ஊத்தப் பழகாம இருந்தீங்க?

— இல்ல. அது உண்மையிலயே எனக்கு வருதில்ல.

— சிரிக்க வைக்காதீங்க, தொண்ட இழுக்குது. இங்கேருங்க. நாளைக்கு நாலு மணிக்கு எழும்புங்க. ஒரு கோப்பை பச்சத் தண்ணியும் மாத்திரையும் கொண்டு வாங்க. தேத்தண்ணி வழமை போல அஞ்சு மணிக்கு.

— நாலு மணிக்கா?

— ஏன், கஷ்டமா?

— கஷ்டமில்ல புள்ள. அந்த இருட்டுல ஒரு மணித்தியாலம் ரெண்டு பேரும் குந்திக்கிட்டு என்ன செய்யிறது?

— வாய்க்குள்ள ஒண்ணும் போகக் கூடாதுன்னுதான் டாக்டர் சொன்னாரு. வாயில இருந்து ஒண்ணும் வரக் கூடாதுன்னு சொல்லலயே.