பாப்பாவின் முறை

– ஃப்ராக்கை இஸ்திரி போட்டு மாட்டியிருக்கு, ஷூ பளபளன்னு இருக்கு. அப்புறமும் பாப்பா வரமாட்டான்னா என்ன அர்த்தம் மாப்பிள்ளை?

– கேட்டா போட்டு விடலாம்னு எடுத்து வச்சேன் மாமா. கேக்கலை. படியில உங்க செருப்புச் சத்தம் கேட்டதும் கட்டிலுக்கு அடியில போயிட்டா.

– கட்டிலுக்கு அடியிலயா? என்னைப் பார்த்தா?

– மெதுவா பேசுங்க. அந்த ரூம் கதவு சரியா சாத்தாது.

– அவ அம்மாவை அடக்கம் பண்ணினதுலேருந்து ஒரு ஞாயிறு கூட சர்ச்சுக்கு வரலை. சண்டே ஸ்கூல் டீச்சர் என்னைப் பிடிச்சுக் கேக்கறாங்க. என்னன்னு சொல்ல? அப்பாக்காரர் விட மாட்டேங்கறார்னா?

– சொல்லுங்களேன். பழி என்ன எனக்குப் புதுசா? சாமி கும்பிடாதவனுக்குப் பொண்ணைக் கொடுத்துட்டாரேன்னு கல்யாணப் பந்தியிலேயே என் காதுபடப் பேசினாங்க. ஆனா என்னிக்காவது தடுத்திருக்கேனா மாமா? கொட்டற மழையில கூட நான்தானே ஸ்கூட்டர்ல கொண்டு வந்து விட்டேன்.

– இல்லேங்கலை. ஸ்தோத்திரம். அன்னிக்கு விட்டீங்க. இப்போ? என் பொண்ணு கடைசியா கையைப் பிடிச்சுட்டுக் கேட்டது ஒண்ணே ஒண்ணு. பிள்ளையை ஆண்டவரை விட்டு விலக விட்டுடாதீங்கப்பான்னா. அதைக் காப்பாத்தலைன்னா நாளைக்கு அங்க போய் அவ முகத்துல எப்படி முழிப்பேன்?

– உங்களுக்கு அங்க போய்ப் பார்க்கற முகம். நான் தினமும் காலையில இங்க ஒரு முகத்தைப் பார்க்கறேன். கண்ணு ரெண்டும் குழி விழுந்து கிடக்கு.

– அம்மா போன துக்கம். போகப் போகச் சரியாயிடும்.

– துக்கம்னா அழணும். இவ அழலை. தூங்க மாட்டேங்கறா. கண்ணு சொருகினா எழுந்து போய்க் குழாயில முகம் கழுவறா. கையைத் தானே கிள்ளிக்கறா, கன்னிப் போயிருக்கு. கிளாஸ்ல தலை சாஞ்சு டெஸ்க்ல இடிச்சுக்கிட்டான்னு ஸ்கூல்லேருந்து போன் வேற.

– டாக்டர்கிட்ட காட்டினீங்களா?

– காட்டினேன். மருந்து தரலை, பேச வைங்கன்னார். நேத்துதான் வாயைத் திறந்தா.

– என்ன சொன்னா?

– அவ அம்மா நோயில படுத்திருந்தப்போ சங்கிலி ஜெபம் வச்சீங்களே மாமா.

– ஆமா. சபையே சேர்ந்து வச்சோம். ஒருத்தர் முடிக்க முடிக்க அடுத்தவர் அவங்கவங்க வீட்டுல ஆரம்பிக்கணும். ராப்பகலா ஜெபம் நிக்கவே கூடாது. என் பொண்ணை முன்னப்பின்ன பார்க்காதவங்க கூட முழங்கால் போட்டாங்க.

– அதுல பாப்பாவுக்கும் ஒரு முறை கொடுத்தீங்க.

– நானும் பண்றேன் தாத்தான்னு ஆசையா கேட்டா. பச்சைப் பிள்ளை கேட்டா ஆண்டவர் மறுக்க மாட்டாருன்னு சாயங்கால முறையைக் கொடுத்தேன்.

– கொடுக்கும்போது என்ன சொன்னீங்க?

– என்ன சொன்னேன்... எல்லார்கிட்டயும் சொன்னதுதான். உன் முறையில தூங்கிடாதே, சங்கிலி அறுந்துடும்னு. லாரி ஓட்டினவன் பேச்சு மாப்பிள்ளை. ஒரு நிமிஷம் கண்ணு அசந்தா போச்சுங்கறது என் ரத்தத்துல ஊறினது.

– தூங்கிட்டா மாமா.

– எப்போ?

– அந்தச் சாயங்காலம். அம்மா கட்டில் ஓரத்துல தலையைச் சாய்ச்சு, கூப்பின கை கூப்பினபடியே. நான் மாத்திரையோட உள்ள வந்தேன். ரெண்டு பேரும் தூங்கறாங்கன்னு நினைச்சு, போர்வையை இழுத்து ரெண்டு பேருக்கும் சேர்த்துப் போர்த்தி விட்டேன்.

– ஐயோ... ஆண்டவரே.

– அவ கணக்கு அவ்வளவுதான். நான் தூங்கினேன், சங்கிலி அறுந்துச்சு, அம்மா செத்துட்டாங்க. யாரு அறுத்ததுன்னு நீங்க கேட்டுடுவீங்களோன்னு பயம். அதான் ஒளியறா.

– பேச்சுவாக்குல சொன்ன ஒரு வார்த்தை...

– நான் சொல்லிப் பார்த்துட்டேன். உங்களுக்குத்தான் ஜெபமே தெரியாதேப்பான்னுட்டா. போட்ட முடிச்சை நீங்கதான் அவுக்கணும். அவுத்துட்டு சர்ச்சுக்கே கூட்டிட்டுப் போங்க. குறுக்க நிக்க மாட்டேன்.

– பாப்பா... குட்டிம்மா... தாத்தா வந்திருக்கேன். வெளிய வா கண்ணு.

– வர மாட்டேன்.

– சரி, வராதே. தாத்தா கீழ உக்கார்றேன். இந்த முட்டி வேற மடங்கித் தொலைய மாட்டேங்குது... ம். இப்போ உன் காலு தெரியுது. திட்ட வரலைடா.

– அப்பா சொல்லிட்டாங்களா?

– சொன்னார். நீ தூங்கினதால அம்மா போகலை கண்ணு. சங்கிலியெல்லாம் அப்படி அறாது.

– அறுந்துடும்னு நீங்கதான் சொன்னீங்க.

– தாத்தா புத்தி கெட்டுச் சொல்லிட்டேன். நாம தூங்கினாலும் ஆண்டவர் தூங்க மாட்டாருடா.

– அன்னிக்கும் முழிச்சுட்டு இருந்தாரா?

– இருந்தாரு.

– தூங்கறதுக்கு முன்னாடி நான் கேட்டது அவர் காதுல விழுந்துச்சா?

– ஒண்ணு விடாம விழுந்துச்சு.

– நீங்க கேட்டது? டீச்சர் கேட்டது?

– எல்லாம்தான் கண்ணு.

– அம்மாவைச் சரி பண்ண அவரால முடியும்தானே?

– முடியும்டா. அவரால முடியாதது இல்ல.

– அப்போ ஏன் தாத்தா பண்ணலை?

– மாப்பிள்ளை... கொஞ்சம் தண்ணி கொடுங்க.

– தர்றேன். பதில் சொல்லுங்க மாமா. எனக்கும் தெரியணும்.

– தெரியலைடா பாப்பா. தாத்தாவுக்குத் தெரியலை.

– அழாதீங்க தாத்தா. நான் தூங்கினதாலதான்னே இருக்கட்டும். இல்லேன்னா அவர் மேல தப்பு வந்துடுமே.