சனிக்கிழமை மிட்டாய்

எங்கள் வீட்டில் சனிக்கிழமை தவிர மற்ற நாட்களில் குழந்தைகளுக்கு மிட்டாய் கிடையாது. இதில் அதிசயம் ஒன்றுமில்லை. ஸ்வீடனில் பாதி வீடுகளில் இதுதான் வழக்கம், உங்களையும் அப்படித்தான் வளர்த்திருப்பார்கள். பல் கெடாது, ஆசைக்கும் ஓர் அளவு இருக்கும். இதை முதலில் சொல்வதற்குக் காரணம், உள்ளே வந்ததும் நீங்கள் சிக்னேவிடம் நீட்டினீர்களே, அந்தச் சாக்லேட். இன்று செவ்வாய். இங்கே வைத்துவிட்டுப் போங்கள், சனிக்கிழமை கொடுத்துவிடுகிறேன்.

காபி ஆறுவதற்குள் குடியுங்கள். நீதிமன்றம் உங்களை எதற்கு அனுப்பியிருக்கிறது என்று எனக்குத் தெரியும். சிக்னேவைப் பெற்றவள், மாலின், மகளை மறுபடியும் பார்க்க வேண்டும் என்று மனுப் போட்டிருக்கிறாள். கூடாது என்று நான் சொல்கிறேன். யார் சொல்வதில் நியாயம் என்று நீங்கள் விசாரித்து எழுத வேண்டும். என் கணவர் தூரே உங்களுக்குத் தொலைபேசியில் ஏதோ சொல்லியிருக்கிறார் என்பதும் தெரியும். ஏரிக்கரைக் குடிலில் தனியாக உட்கார்ந்து மீன் பிடிக்கிற மனிதருக்கு யோசிக்க நிறைய நேரம் கிடைக்கிறது. அவர் அரைகுறையாகச் சொன்னதை நான் ஒழுங்காகச் சொல்லிவிடுகிறேன். எதையும் அரைகுறையாக விடுவது எனக்குப் பிடிக்காது.

வளர்ப்புப் பெற்றோருக்குச் சட்டத்தில் என்ன உரிமை இருக்கிறது என்று உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. எடுத்தாலும் பாடம் சீக்கிரம் முடிந்துவிடும். குழந்தைக்குக் காய்ச்சல் வந்தால் விடிய விடியப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கலாம். தலையில் பேன் பார்க்கலாம். குழந்தையை வேறிடத்துக்கு மாற்றுகிறோம் என்று அதிகாரிகள் சொன்னால், பெட்டியை நன்றாக அடுக்கிக் கொடுக்கலாம். வழக்கு நடந்தால் நாங்கள் அதில் ஒரு தரப்பே இல்லை. மேல்முறையீடு என்றால் சிரிப்பார்கள்.

சிக்னேவுக்கு முன்னால் எங்களிடம் வில்லே இருந்தான். தவழும் வயதில் வந்தவன், பள்ளி சேரும் வயதில் அவன் சித்தப்பாவிடம் அனுப்பிவிட்டார்கள். எங்களை யாரும் கேட்கவில்லை, கேட்க வேண்டும் என்று சட்டமும் இல்லை. அவன் போன பிறகு பல் மருத்துவமனையிலிருந்து அவன் பெயருக்கு அழைப்பு வந்தது. அவன் இப்போது வேறு ஊரில் இருக்கிறான் என்று சொல்லத் தொலைபேசியில் கூப்பிட்டேன். நீங்கள் அவனுக்கு என்ன உறவு என்று கேட்டாள் தொலைபேசியை எடுத்த பெண். ஒன்றுமில்லை என்று சொல்லிவிட்டு வைத்தேன். அன்று முழுக்க அழுதேன், அதை மறைக்க எனக்கு அவசியமில்லை.

எங்களுக்கு இருந்த பாதுகாப்பு ஒன்றே ஒன்றுதான். சில ஆண்டுகள் குழந்தை ஒரே வீட்டில் வளர்ந்து அங்கேயே வேர் பிடித்துவிட்டால், வளர்ப்பவர்களையே சட்டப்படி பாதுகாவலர் ஆக்கலாமா என்று அதிகாரிகள் யோசித்தே ஆக வேண்டும். ஆக்கிவிட்டால் பிறகு சித்தப்பா வந்தாலும் சின்னம்மா வந்தாலும் ஒன்றும் நடக்காது. வேர் பிடிக்க வேண்டும், அவ்வளவுதான். நான் தோட்டம் வைத்திருக்கிறேன். வேர் பிடிப்பதைப் பற்றி எனக்குக் கொஞ்சம் தெரியும்.

சிக்னே நான்கு வயதில் வந்தாள். மாலின் அப்போது குடியில் கிடந்தாள். குழந்தையின் தலைமுடியில் சிக்கு எடுக்கவே எனக்கு ஒரு மாலை முழுதும் ஆயிற்று. ஆனால் ஒரு வருடத்துக்குள் மாலின் சிகிச்சைக்குப் போனாள், குடியை விட்டாள், முதியோர் இல்லத்துச் சமையலறையில் வேலைக்கும் சேர்ந்தாள். சிக்கல் அங்கேதான் ஆரம்பித்தது. அவள் குடித்துக்கொண்டே இருந்திருந்தால் நான் எதுவும் செய்ய வேண்டி வந்திருக்காது.

மகளைப் பார்க்க அவளுக்குச் சனிக்கிழமைகளில் அனுமதி கொடுத்திருந்தார்கள். ஊர் நூலகத்துக்குப் பக்கத்தில் நகராட்சிக்கு ஒரு அறை உண்டு, அங்கேதான் சந்திப்பு. வரும்போதெல்லாம் ஒரு காகிதப் பை நிறைய மிட்டாய் கொண்டுவருவாள். கையால் செய்தது. வெண்ணெய்த் தாளில் ஒவ்வொன்றாகச் சுற்றியிருக்கும். சிக்னே அவள் மடியில் ஏறி உட்கார்ந்து தாளை உரிப்பாள். நான் ஓரமாக உட்கார்ந்து பின்னிக்கொண்டிருப்பேன்.

சனிக்கிழமை நீச்சல் வகுப்பு தொடங்குகிறது, சந்திப்பைப் புதன்கிழமைக்கு மாற்றினால் நல்லது என்று சமூகநல அலுவலர் ஹம்புஸிடம் கேட்டேன். நீச்சல் வகுப்பு உண்மையாகவே இருந்தது. நான் ஒரு பொய்கூடச் சொல்லவில்லை, இதை மட்டும் குறித்துக்கொள்ளுங்கள். புதன்கிழமை என்று ஆனதும் மாலினுக்குத் தொலைபேசியில் எங்கள் வீட்டு வழக்கத்தை எடுத்துச் சொன்னேன். அவள் உடனே ஒப்புக்கொண்டாள். தாங்கள் ஒழுங்காக இருக்கிறோம் என்று காட்டிக்கொள்ள ஆசைப்படுகிறவர்கள் எல்லாவற்றுக்கும் ஒப்புக்கொள்வார்கள். அதன் பிறகு குழந்தை கண்ணில் படாமல், தாழ்வாரத்திலேயே பையை என்னிடம் கொடுத்துவிடுவாள்.

"நான் குடுத்தேன்னு சொல்வீங்கல்ல, மார்கிட்?"

"சனிக்கிழமை கண்டிப்பா குடுத்துடறேன்" என்றேன்.

கொடுத்தேன். எங்கள் வீட்டுக் கண்ணாடிக் கிண்ணத்தில் போட்டு, நீச்சல் முடிந்து ஈரத் தலையோடு வந்தவளுக்குக் கொடுத்தேன். அவள் என் கழுத்தைக் கட்டிக்கொண்டு நன்றி சொன்னாள். யார் செய்தது என்று அவள் கேட்கவில்லை. புதன்கிழமைகளில் திரும்பி வரும்போது காரில் வேறு மாதிரி கேட்பாள்.

"அம்மா இப்பல்லாம் எனக்கு ஒண்ணுமே கொண்டு வர்றதில்லையா?"

"இன்னைக்குப் புதன், கண்ணு."

இதிலும் பொய் இல்லை.

இனி வழியைப் பற்றிச் சொல்கிறேன். தூரே உங்களிடம் சொன்னது அதைத்தான். எங்கள் வீட்டிலிருந்து ஊருக்கு இரண்டு வழிகள். ஏரிக்கரைச் சாலை நேராகப் போகும். பழைய காட்டுவழி மேடும் பள்ளமுமாக வளைந்து வளைந்து போகும். ஒருமுறை ஏரிக்கரைச் சாலையில் பராமரிப்பு வேலை நடந்ததால் காட்டுவழியாகப் போனேன். கிளம்பும்முன் சிக்னே பாலாடை போட்டு ஒரு பெரிய கோப்பை கோகோ குடித்திருந்தாள். போய்ச் சேர்ந்தபோது முகம் வெளுத்திருந்தது. மாலின் ஓடி வந்து தூக்கினாள். அவள் சட்டை முழுக்க வாந்தி.

"பெத்தவளப் பாத்ததும் இவளுக்குப் பதற்றம் வந்துடுதோ?" என்று ஹம்புஸ் என்னிடம் காதோடு கேட்டான். நல்ல பையன், நிறையப் படித்தவன். குழந்தையின் உடம்பு பேசும் என்று பயிற்சியில் சொல்லிக் கொடுத்திருந்தார்கள். அவனுக்கும் எங்கள் காட்டுவழிக்கும் பழக்கமில்லை. நான் வாயைத் திறக்கவில்லை. அந்த வயதில் ஒருவன் தானாக ஒன்றைக் கண்டுபிடித்துச் சந்தோஷப்படும்போது குறுக்கே பேசுவானேன்?

சாலை வேலை முடிந்தது. நான் வழியை மாற்றவில்லை. கோகோவையும் நிறுத்தவில்லை. காட்டுவழி அழகானது, முயல்கள் தெரியும்.

அடுத்தடுத்த சந்திப்புகளிலும் அப்படியே நடந்தது. மாலின் ஒருநாள் கழிவறை வாசலில் என்னைத் தனியாக நிறுத்தினாள். "என் மேல ஏதாவது வாடை வருதா, மார்கிட்? சமையலறையில நிக்கிறவ பாருங்க, எனக்குத் தெரிய மாட்டேங்குது. சோப்பக்கூட மாத்திட்டேன்."

"கொழந்தைங்க உடம்பு அப்படித்தான். மனசுல போட்டுக்காதீங்க" என்று பரிவோடுதான் சொன்னேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நீங்க அவள நல்லா பாத்துக்கறீங்க" என்றாள். அது உண்மைதான். நான் நன்றாகப் பார்த்துக்கொண்டேன்.

நடுவில் எனக்குக் காய்ச்சல் வந்து படுத்துவிட்டேன். அன்று தூரே கூட்டிக்கொண்டு போனார். திரும்பி வந்தபோது சிக்னே பாடிக்கொண்டே படியேறினாள். அம்மா அவளைத் தோளில் தூக்கி வைத்து அறையைச் சுற்றிச் சுற்றி ஓடினாளாம்.

தூரே மேல்கோட்டைக் கழற்றாமல் என் கட்டில் பக்கத்தில் நின்றார். "இன்னைக்கு வாந்தியே எடுக்கல, மார்கிட்."

"நல்லது."

"நான் ஏரிக்கரை ரோட்டுலதான் போனேன். நீ எந்த ரோட்டுல போவ?"

"காட்டு வழியா. அவளுக்கு முயல் பாக்கப் பிடிக்கும்."

"முயலா?" என்றார். தூரே எப்போதும் பேச்சைப் பாதியில் விடுகிறவர். அந்தப் பாதியை முடிக்க அவருக்கு இத்தனை வருடம் ஆகியிருக்கிறது. அடுத்த புதன்கிழமை நானே எழுந்து போனேன்.

கடைசிச் சந்திப்பில் மாலின் கிட்டேயே வரவில்லை. கதவோடு ஒட்டி நின்றுகொண்டாள். "நான் இங்கயே நிக்கிறேன் கண்ணு, பக்கத்துல வரல. நீ பயப்படாம விளையாடு" என்றாள். சிக்னே அவளைப் பார்த்தாள், தரையில் வாந்தி எடுத்தாள். குழந்தையின் நலன் கருதிச் சந்திப்புகளை நிறுத்தினார்கள். பிறகு வேர் பிடித்துவிட்டது என்று எழுதி, எங்களைப் பாதுகாவலர் ஆக்கினார்கள். அன்று நான் கேக் செய்தேன். தூரே அடுத்த மாதமே குடிலுக்குப் போய்விட்டார். அங்கே மீன் நன்றாகக் கிடைக்கிறதாம்.

ஆகவே நீங்கள் கேட்பதற்கு என் பதில், ஆம். தெரிந்தேதான் செய்தேன். மாலினிடம் எந்தக் குறையும் இருந்திருக்கவில்லை. குழந்தைக்கு அவள்மேல் பயமும் இருந்ததில்லை. ஆனால் இப்போது இருக்கிறது, நீங்கள் எழுத வேண்டியது அதைத்தான். சென்ற மாதம் பள்ளியிலிருந்து பிள்ளைகளை நூலகத்துக்கு நடத்திக் கூட்டிப் போனார்கள். காரும் இல்லை, கோகோவும் இல்லை. அந்த அறையின் சன்னல் கண்ணில் பட்டதும் சிக்னே தெருவிலேயே வாந்தி எடுத்துவிட்டாள். உடம்பு பொய் சொல்லாது. ஹம்புஸ் முதலிலேயே சரியாகத்தான் சொன்னான்.

என்னைப் பற்றி என்ன வேண்டுமானாலும் எழுதிக்கொள்ளுங்கள். எனக்கு இருக்கிற கவலை வேறு. சிக்னே இப்போதெல்லாம் சனிக்கிழமைக் கிண்ணத்தைத் தொடுவதில்லை. கடையில் வாங்கியது பிடிக்கவில்லை. போன சனிக்கிழமை வந்து என் பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"நீ முன்னல்லாம் பண்ணுவியே, வெண்ணெய்த் தாள்ல சுத்தி. கடிச்சா கடைசியில லேசா உப்புக் கரிக்குமே. அத ஏன் இப்ப பண்றதே இல்ல? என் மேல கோவமா?"

கோபமில்லை என்று சொல்லி, அன்றைக்கே அடுப்பைப் பற்ற வைத்தேன். வெண்ணெய், பாலாடை, சர்க்கரைப் பாகு, உப்பு, எல்லாவற்றையும் கூட்டிக் குறைத்துப் பார்த்துவிட்டேன். அவள் மரியாதையாக ஒன்றைக் கடித்து, "இது அது இல்ல" என்று தட்டின் ஓரத்தில் வைத்துவிட்டு மாடிக்குப் போய்விட்டாள். அவள் நடந்து போன விதம் எனக்குப் பிடிக்கவில்லை.

நீங்கள் அடுத்து மாலினைப் பார்க்கப் போவீர்கள். அந்த மிட்டாயை எப்படிச் செய்வாள் என்று கேட்டுக்கொண்டு வாருங்கள். நான் கேட்டதாகச் சொல்ல வேண்டாம். சிக்னேவுக்கு என்று மட்டும் சொல்லுங்கள், போதும். சிக்னேவுக்கு என்றால் மாலின் எதையும் மறுத்ததில்லை.