அப்பாவின் ஈரல்

— அந்தக் கரண்டியக் கீழ வை, ஃபின்டன். இனி இந்த இரும்பு டானிக் ஒரு சொட்டு உள்ள போகக்கூடாது.

— என்ன டெர்வ்லாக்கா, வந்ததும் வராததுமா? காலையில மாட்டுக்குத் தீனி போட எந்திரிக்கவே முடியல. உடம்புல இரும்பு இல்லன்னா குடிக்கத்தான வேணும்?

— இல்லன்னு யாரு சொன்னது?

— மருந்துக் கடையில. ஈரல் திங்கறேன், பன்னி ரத்தப் புட்டிங் திங்கறேன். ஆரஞ்சு ஜூஸோட சாப்பிட்டா நல்லா உடம்புல சேருமாம். அதையும் விடல.

— நல்லாத்தான் சேந்திருக்கு. போன வாரம் உன்கிட்ட ரத்தம் எடுத்தேன்ல? அதுல இரும்புக் கணக்கு முந்நூறுக்குள்ள இருக்கணும். மூவாயிரத்தத் தாண்டிருச்சு.

— அப்ப கையிருப்புன்னு சொல்லு.

— பேசாம கேளுடா. திங்கற இரும்புல உடம்பு கொஞ்சூண்டுதான் எடுக்கும். போதும்னா ஈரல் குடலுக்குச் சேதி அனுப்பும், குடல் கதவச் சாத்திக்கும். நமக்கு அந்தச் சேதி சரியாப் போறதில்ல. கதவு தெறந்தே கெடக்கு. உள்ள வந்தத வெளிய தள்ள உடம்புக்கு வழி கெடையாது. ஈரல்லயும் இதயத்துலயும் மூட்டுலயும் போய்ப் படிஞ்சுக்கும்.

— ‘நமக்கு’ன்னா?

— எனக்கும் இருக்கு. மாசாமாசம் தீட்டு ரத்தத்தோட கொஞ்சம் வெளிய போயிட்டிருந்துச்சு. அது நின்னப்புறம்தான் ஏறிச்சு. உனக்கு அந்த வசதி இல்ல.

— நல்ல வசதி போ.

— கையக் காட்டு. இந்த ரெண்டு விரல் முட்டி வலிக்குதா?

— வேலி அடிச்ச வலின்னு நெனச்சேன்.

— பிப்ரவரி மாசக் குளிர்ல நம்ம மேயோ பக்கம் வெயில் ஏது? உன் மூஞ்சி மட்டும் ஸ்பெயின் வெயில்ல காஞ்சுட்டு வந்த மாதிரி கறுத்திருக்கு. அதுவும் இரும்பு செய்யற வேலைதான்.

— சரி, வைத்தியம்?

— வாரம் அரை லிட்டர் ரத்தம் நானே எடுப்பேன். புது ரத்தம் ஊற இரும்பு வேணும். உடம்பு ஈரல்லேர்ந்துதான் அத எடுத்தாகணும். ஒன்றரை வருஷத்துல வழிக்கு வந்துரும். இருபது வருஷமா நர்ஸா இதே வேலையில இருக்கேன்டா.

— இது எங்கேர்ந்துக்கா வந்துச்சு?

— பாதி அம்மாகிட்டேர்ந்து, பாதி அப்பாகிட்டேர்ந்து. அம்மாவுக்கு அந்தப் பாதிதான், ஒண்ணும் செய்யல. அப்பாவுக்கு முழுசா இருந்திருக்கு.

— அவரு பேச்ச எடுக்காத. திருட்டுத்தனமாக் குடிச்சு ஈரலக் கெடுத்துக்கிட்டவரு. ஊரே சொல்லுச்சு. அம்மாவே சொன்னா. சாகற வரைக்கும் ‘தொட்டதில்ல’ன்னு சாதிச்சாரு. அந்தக் கோவத்துல சவப்பெட்டிக்குக்கூட நான் தோள் குடுக்கல.

— ஒரு பாட்டிலாவது பாத்தியா?

— கொட்டகை பூரா தேடினேன். கெடைக்கல.

— அவரு படுத்திருந்தப்ப ஈரல்லேர்ந்து சோதனைக்கு எடுத்த துண்டு ஆஸ்பத்திரியில இன்னும் இருந்துச்சு. மறுபடி பாக்கச் சொன்னேன். நேத்து பதில் வந்துச்சு.

— என்னவாம்?

— அத்தனையும் இரும்பு.

— …அம்மாவுக்குத் தெரியுமா?

— உன்கிட்டதான் மொதல்ல சொல்றேன்.

— வண்டிய எடுக்கா. ஊசி நாளைக்குக் குத்திக்கலாம். அம்மாகிட்ட நான் சொல்றேன், அவரு குடிச்சதே இல்லன்னு.